எழுதிப் பழகிய கை

இந்திப் பாடநூலில் ‘ஈத்கா’ என்னும் சிறுகதையைப் படித்தவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். பெருநாளன்று சந்தைக்குச் செல்லும் ஹாமித் என்னும் ஏழைச் சிறுவன், தன்னிடமிருந்த மூன்று பைசாவுக்கு மிட்டாயோ பொம்மையோ வாங்கவில்லை. ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல்கள் தீயில் படாதிருக்க ஓர் இரும்பு இடுக்கியை வாங்கி வருகிறான். கதை இவ்வளவே. அதில் அரிய சொல் ஒன்றும் இல்லை. வியப்பூட்டும் திருப்பமும் இல்லை. இத்தகைய கதையை எவரும் ஒரே அமர்வில் எழுதிவிடலாம் என்றே படிப்பவருக்குத் தோன்றும். ஆயினும், அக்கதை வெளிவந்த 1933ஆம் ஆண்டில் அதன் ஆசிரியர் பிரேம்சந்துக்கு அகவை ஐம்பத்து மூன்று. அவருடைய முதற்புதினம் அச்சேறத் தொடங்கி முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அவருடைய தொடக்க கால எழுத்தையும் இக்கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர், இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று எளிதில் நம்பமாட்டார். அந்த முப்பது ஆண்டுகளில் அவர் கை எவ்வாறு பழகியது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

புகையிலைக் கடையும் புத்தகக் கடையும்

காசி நகருக்கு அருகிலுள்ள லம்ஹி என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பிரேம்சந்த் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் தன்பத் ராய். செல்வத்துக்கு உரியவர் என்னும் பொருளுடைய அப்பெயர் அவருடைய வாழ்க்கைக்குச் சிறிதும் பொருந்தவில்லை. தந்தையார் அஜாயப் ராய் அஞ்சலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். தாயார் ஆனந்தி தேவியை ஏழெட்டு வயதிலேயே சிறுவன் இழந்தான். தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். அன்புக்கு ஏங்கிய அச்சிறுவனுக்குக் கதைகளே துணையாயின.

அக்காலத்தில் வட இந்தியாவில் அரசுப் பணியை நாடிய குடும்பங்களின் பிள்ளைகள் உருதுவும் பாரசீகமும் கற்பது வழக்கம். தன்பத் ராயும் ஒரு மௌல்வியிடம் அம்மொழிகளைக் கற்றார். தந்தையார் கோரக்பூருக்கு மாற்றலான பின்னர், அந்நகரின் புகையிலைக் கடை ஒன்று அவருக்கு இரண்டாம் பள்ளியாயிற்று. அங்கே மாலைதோறும் பலர் கூடி ‘தலிஸ்மே ஹோஷ்ருபா’ என்னும் உருதுப் பெருங்கதையை உரக்கப் படிப்பர். மந்திரவாதிகளும் மாயக் கோட்டைகளும் நிறைந்த அந்நூல் பல பெருந்தொகுதிகளாக விரிவது. சிறுவன் வாய்திறவாது கேட்டிருப்பான்.

கேட்டது போதாமல், படிக்கும் ஆவலும் மிகுந்தது. நூல் வாங்கப் பணம் இல்லை. ஆகவே, புத்திலால் என்னும் புத்தக வணிகரிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். அவருடைய கடையிலிருந்து ஆங்கிலப் பாடங்களுக்கான உரைநூல்களை எடுத்துச் சென்று தம் பள்ளி மாணவர்களிடம் விற்றுத் தருவார். அதற்குக் கூலியாகக் கடையிலுள்ள புதினங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துத் திருப்பித் தருவார். இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான புதினங்களைப் படித்து முடித்தார். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயதுதான்.

அவர் முதன்முதலாக எழுதியதும் அவ்வயதில்தான். உறவுமுறையில் மாமன் ஒருவர் அவர்கள் வீட்டுக்கு வந்து தங்குவதுண்டு. சிறுவன் புதினம் படிப்பதைக் கண்டால் அவர் கடிந்துகொள்வார். தந்தையாரிடம் சொல்லிவிடுவதாக மிரட்டுவார். அந்த மாமனே ஊராரிடம் நாணமுற நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று அக்காலத்தில் நடந்தது. அதனை ஒரு நகைச்சுவை நாடகமாக எழுதிய தன்பத் ராய், நண்பர்களுக்குப் படித்துக் காட்டினார். பிறகு, எழுதிய தாள்களை மாமனின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றுவிட்டார். மாலையில் திரும்பி வந்தபோது மாமனும் இல்லை, அவருடைய மூட்டை முடிச்சும் இல்லை, நாடகமும் இல்லை. அத்தாள்கள் தீயில் இடப்பட்டனவா, உடன் எடுத்துச் செல்லப்பட்டனவா என்பது அதன் ஆசிரியருக்கே கடைசிவரை தெரியவில்லை. எழுத்துக்கு ஆற்றல் உண்டு என்பது மட்டும் அன்று அவருக்கு ஐயமறத் தெரிந்தது.

ஒரு ரூபாய்க்கு விற்ற நூல்

பதினைந்து வயதில் அவருக்குத் திருமணம் செய்து வைத்தனர். 1897இல் தந்தையார் காலமானார். சிற்றன்னை, அவருடைய பிள்ளைகள், மனைவி என அனைவரையும் தாங்கும் சுமை மாணவராக இருந்தவரின் தோளில் விழுந்தது. லம்ஹியிலிருந்து காசிக்கு நாள்தோறும் நடந்து சென்று படித்தார். மாலையில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். இரவு வீடு திரும்பி எண்ணெய் விளக்கின்முன் அமர்ந்தார். பள்ளியிறுதித் தேர்வில் வெற்றி பெற்றபோதும், கணக்குப் பாடம் வலுவாக இல்லாமையால் கல்லூரியில் இடம் கிட்டவில்லை. ஒரு வழக்கறிஞரின் மகனுக்கு மாதம் ஐந்து ரூபாய்க்குப் பாடம் கற்பித்துக்கொண்டு, அவ்வீட்டுக் குதிரை லாயத்தின்மேல் இருந்த சிறு மண் அறையில் தங்கினார். அவ்வருவாயிலும் பாதிக்குமேல் வீட்டுக்கு அனுப்பினார்.

ஒரு குளிர்காலத்தில் கையில் ஒரு காசும் இல்லாத நிலை வந்தது. வறுத்த கடலையைத் தின்று நாளைக் கழித்தார். கடன் கேட்கவும் நாணினார். இரண்டு ஆண்டுகளுக்குமுன் இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கிப் பேணி வைத்திருந்த கணக்கு விளக்கநூல் ஒன்று அவரிடம் எஞ்சியிருந்தது. அதனைப் புத்தகக் கடைக்கு எடுத்துச் சென்று ஒரு ரூபாய்க்கு விற்றார். கடையை விட்டு இறங்கும் வேளையில், அங்கே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் அவரைப் பற்றி வினவினார். அவர் சுனார் என்னும் ஊரில் இருந்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். தம் பள்ளிக்கு ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டிருந்தார். மாதம் பதினெட்டு ரூபாய் ஊதியத்தில் அங்கேயே வேலை உறுதியாயிற்று. 1899இல் தொடங்கிய ஆசிரியப் பணி, அரசுப் பள்ளிகளிலும் கல்வித் துறையிலுமாக 1921 வரை நீண்டது.

வேலை கிடைத்ததும் வறுமை ஓரளவு விலகியது. ஆனால் எழுதுவதற்குரிய நேரம் குறைந்தது. பகல் முழுவதும் பள்ளி. மீதமுள்ள பொழுதில் தேர்வுகளுக்குப் படிக்க வேண்டும். இடைநிலைத் தேர்வில் கணக்கு அவரை மீண்டும் மீண்டும் வீழ்த்தியது. கணக்கு கட்டாயம் இல்லை என்று விதி மாறிய பின்னரே, 1916இல் அத்தேர்வில் வென்றார். 1919இல் இளங்கலைப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்து ஒன்பது. இத்தனைக்கும் நடுவே, விடியற்காலையிலும் இரவிலும் திருடி எடுத்த பொழுதுகளில்தான் அவர் எழுதினார்.

மாதந்தோறும் ஒரு கடமை

அவருடைய முதற்புதினமான ‘அஸ்ராரே மஆபித்’ 1903 முதல் 1905 வரை காசியிலிருந்து வெளிவந்த ஓர் உருது வார இதழில் தொடராக வந்தது. கோயிலொன்றில் நடக்கும் முறைகேடுகளைத் தாக்கும் கதை அது. நோக்கம் உயர்ந்தது, நடையோ கடன் வாங்கியது. இளமையில் படித்த நூற்றுக்கணக்கான புதினங்களின் அடுக்குமொழியும் அலங்காரமும் அதில் நிரம்பி வழிந்தன. நிறையப் படித்தால் எழுத்து தானே வந்துவிடும் என்று கூறுவோர் உண்டு. தன்பத் ராயைப் பொறுத்தவரை, படிப்பு அவருக்கு மொழிவளத்தைத் தந்தது. அதனோடு, பின்னாளில் முயன்று களைய வேண்டியிருந்த பலவற்றையும் தந்தது.

1905இல் கான்பூருக்கு மாற்றலானது அவர் வாழ்வின் நற்பேறு. அங்கே ‘ஜமானா’ என்னும் உருதுத் திங்களிதழை நடத்திய தயாநாராயண் நிகம் அவருக்கு உற்ற நண்பரானார். அவ்விதழுக்குக் கதை மட்டுமன்றி நூல் மதிப்புரை, வாழ்க்கைக் குறிப்பு, கட்டுரை எனப் பலவும் எழுதும் பொறுப்பு தன்பத் ராய்க்கு வாய்த்தது. நாட்டு நடப்பைப் பற்றி இதழில் வந்த பகுதியையும் அவர் எழுதினார். இதழ் வெளியாகும் நாள் எவருடைய மனநிலைக்காகவும் காத்திராது. எழுத்துவேகம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நாளில் தாள்கள் அச்சகத்துக்குச் சென்றாக வேண்டும். செய்தியைச் சொல்ல ஒதுக்கப்பட்ட இடமோ சில பக்கங்கள். அடுக்குமொழிக்கு அங்கே இடமேது? மாயக் கோட்டைகளில் உலவிய கை, நடந்ததை நடந்தபடி சுருங்கச் சொல்லும் பயிற்சியை இக்கான்பூர்க் காலத்தில்தான் பெற்றது எனலாம்.

தீக்கிரையான தொகுதி

1908இல் அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி ‘ஸோஜே வதன்’ வெளிவந்தது. நாட்டின் துயரம் என்பது அப்பெயரின் கருத்து. ஐந்து கதைகள் கொண்ட அந்நூலை, உறவினர் தம்மை அழைத்த ‘நவாப்’ என்னும் செல்லப் பெயரை ஒட்டி ‘நவாப் ராய்’ என்னும் பெயரில் வெளியிட்டார். அதன் முதற்கதையில், அரசி ஒருத்தியிடம் காதல் கொண்ட இளைஞன், உலகிலேயே விலைமதிப்பற்ற பொருளைத் தேடி அலைகிறான். நாட்டுக்காகச் சிந்தப்பட்ட கடைசிக் குருதித்துளியே அப்பொருள் என்று கதை முடிகிறது. கருத்து புதியது. ஆனால் அரசியும் அலைந்து திரியும் காதலனும் புகையிலைக் கடையில் கேட்ட கதையிலிருந்து வந்தவர்களே.

அரசு ஊழியராக இருந்துகொண்டு நாட்டுப்பற்றைத் தூண்டும் நூலை எழுதியது ஆட்சியாளரின் கண்ணுக்குத் தப்பவில்லை. அப்போது அவர் ஹமீர்பூர் மாவட்டத்தில் பள்ளித் துணை ஆய்வாளர். சிற்றூர்களைச் சுற்றிவந்த அவரை மாவட்ட ஆட்சியர் அழைத்தார். மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து சென்று அவர்முன் நின்றார். மேசைமேல் அந்நூல் கிடந்தது. ஒவ்வொரு கதைக்கும் பொருள் கேட்ட ஆட்சியர், இது முகலாயர் ஆட்சியாக இருந்திருந்தால் அவருடைய கைகள் வெட்டப்பட்டிருக்கும் என்று கூறியதாகப் பின்னாளில் பிரேம்சந்த் நினைவுகூர்ந்தார். விற்காமல் எஞ்சியிருந்த படிகளை அரசிடம் ஒப்படைக்கும்படி ஆணை பிறந்தது. அவை தீக்கிரையாயின. இனி எதை எழுதினாலும், அஃது எப்பொருளைப் பற்றியதாயினும், அச்சுக்குமுன் ஆட்சியரின் பார்வைக்கு வைத்தல் வேண்டும் என்பதும் விதிக்கப்பட்டது.

இந்நிலையில் எழுத்தை நிறுத்துவதே பாதுகாப்பான வழி. மாதம் ஒரு கட்டுரை, ஒரு கதை என்று பழகிவிட்ட கைக்கு அவ்வழி ஒத்துவரவில்லை. ஒவ்வொரு தாளையும் அதிகாரிக்கு அனுப்பிக் காத்திருந்தால் இதழுக்கு உரிய நாளில் எதுவும் போய்ச் சேராது. நண்பர் நிகம் புதுப்பெயர் ஒன்றை முன்மொழிந்தார். ‘நவாப் ராய்’ மறைந்தார். 1910 டிசம்பரில் ‘ஜமானா’ இதழில் வெளிவந்த ‘படே கர் கீ பேட்டி’ என்னும் கதையின்கீழ் முதன்முறையாகப் ‘பிரேம்சந்த்’ என்னும் பெயர் நின்றது.

பெயரோடு எழுத்தும் மாறியது என்பதே நாம் இங்குக் கருத வேண்டியது. இப்புதுப்பெயரின் முதற்கதையில் அரசியும் இல்லை, மாயமும் இல்லை. பருப்பில் நெய் குறைந்ததால் மைத்துனனுக்கும் அண்ணிக்கும் எழும் பூசலும், குடும்பம் பிளவுபடும் வேளையில் அவ்வண்ணியே அதனை ஒன்றுசேர்ப்பதும்தான் கதை. ஹமீர்பூரில் ஆய்வாளராக அவர் சென்ற ஊர்கள் நூற்றுக்கணக்கானவை. பள்ளித் திண்ணையில் அமர்ந்து உழவர்களின் வழக்குகளைக் கேட்டார். கடன், வாய்க்கால், எல்லைத் தகராறு, மகளின் திருமணம் என அவர்கள் பேசியதையெல்லாம் உள்வாங்கினார். அலைச்சலும் மோசமான குடிநீரும் உணவும் அவருக்குத் தீராத வயிற்று நோயைத் தந்தன. கதைகளையும் அவ்வலைச்சலே தந்தது.

இரண்டாம் மொழி

முப்பத்தைந்து வயதில், உருது எழுத்தாளராகப் பெயர் பெற்றுவிட்ட ஒருவர், வேறொரு மொழியில் மீண்டும் எழுதப் பழகுவது எளிய செயலன்று. உருதுவுக்கும் இந்திக்கும் இலக்கணம் பெரிதும் ஒன்றே. எழுத்துமுறையும் சொற்களஞ்சியமும் வேறு. உருது நூல்களுக்குப் பதிப்பாளர் கிடைப்பது அரிதாகி வந்ததையும், இந்தி படிப்போர் பெருகி வந்ததையும் அவர் கண்டார். முன்பே 1907இல் தம் உருதுப் புதினம் ஒன்றை ‘பிரேமா’ என்னும் பெயரில் இந்தியில் தந்திருந்தபோதும், தொடர்ந்து எழுதும் துணிவு அப்போது வரவில்லை. 1915 டிசம்பரில் புகழ்பெற்ற ‘சரஸ்வதி’ இதழில் ‘சௌத்’ என்னும் கதை வெளிவந்தது. 1917இல் முதல் இந்திச் சிறுகதைத் தொகுதி ‘சப்த சரோஜ்’ வந்தது.

அதன்பின்னும் பல ஆண்டுகள் அவர் முதலில் உருதுவிலேயே எழுதினார். பிறகு அதனை இந்தியில் அமைத்தார். விலைமகளிர் நிலையையும் வரதட்சணையின் கொடுமையையும் பேசும் பெரும்புதினம் உருதுவில் ‘பாஜாரே ஹுஸ்ன்’ என்று எழுதப்பட்டது. ஆனால் 1919இல் ‘சேவா சதன்’ என்று இந்தியில்தான் முதலில் அச்சாயிற்று. உருது மூலம் நூலாக வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. ‘பிரேமாச்ரம்’, ‘ரங்கபூமி’ ஆகியவையும் இவ்வாறே உருதுவில் தொடங்கி இந்தியில் முதலில் வெளிவந்தன. முதலிலிருந்து இந்தியிலேயே அவர் எழுதிய புதினம், 1926இல் வந்த ‘காயாகல்ப்’ என்பர்.

ஒரே கதையை இருமுறை எழுதுவது வீண்வேலை என்று தோன்றலாம். ஆயினும் இதைவிடச் சிறந்த பயிற்சி ஓர் எழுத்தாளருக்குக் கிடைப்பது அரிது. ஒரு மொழியில் அழகாக ஒலித்த தொடர், மறுமொழியில் வெறும் ஓசையாக நின்றுவிடும். பாரசீகச் சொல்லழகை இந்தியிலும் வடமொழிச் சொல்லழகை உருதுவிலும் ஒளித்துவைக்க இயலாது. இரு மொழியினருக்கும் பொதுவாக எஞ்சுவது சந்தையிலும் வயலிலும் வீட்டுத் திண்ணையிலும் மக்கள் பேசும் மொழிதான். பிரேம்சந்தின் புகழ்பெற்ற எளிய நடை, ஆண்டுக்கணக்கில் இவ்வாறு வடிகட்டப்பட்டு வந்தது.

பிறர் நூல்களை மொழிபெயர்ப்பதையும் அவர் விடவில்லை. டால்ஸ்டாயின் கதைகள், ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’, அனடோல் பிரான்சின் ‘தாய்ஸ்’, கால்ஸ்வொர்த்தியின் நாடகங்கள் ஆகியவற்றை இந்தியில் தந்தார். ஜவாஹர்லால் நேரு தம் மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்களை நீங்கள் இந்தியில் படித்திருந்தால், அம்மொழிபெயர்ப்பும் பிரேம்சந்தின் கைவண்ணமே.

வேலையை விட்ட பின்

1921 பிப்ரவரியில் கோரக்பூருக்கு வந்த காந்தியடிகள், அரசுப் பணியைத் துறக்குமாறு பெருங்கூட்டத்தில் வேண்டினார். கேட்டவர்களுள் பிரேம்சந்தும் ஒருவர். நோயிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தார். வளர்க்க வேண்டிய குழந்தைகள் இருந்தனர். சேமிப்பு ஏதும் இல்லை. மனைவி சிவராணி தேவியிடம் கலந்தார். இவர் பிரேம்சந்தின் இரண்டாம் மனைவி. இளமையிலேயே கணவரை இழந்தவரை, ஊர் வழக்கத்துக்கு மாறாக, 1906இல் அவர் மணந்திருந்தார். சில நாள்கள் எண்ணிப் பார்த்து அவ்வம்மையார் இசைந்தார். இருபதாண்டுக்கும் மேற்பட்ட அரசுப் பணி சில நாள்களில் முடிவுக்கு வந்தது.

அதுவரை ஓய்வுநேரத் தொழிலாக இருந்த எழுத்து, இனிச் சோறிடும் தொழிலாயிற்று. 1923இல் காசியில் ‘சரஸ்வதி’ அச்சகத்தைத் தொடங்கினார். அது வருவாய் தருவதற்கு மாறாக அவர் வருவாயை விழுங்கியது. 1930இல் ‘ஹன்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். அதன் நட்டத்தோடு ‘ஜாகரண்’ என்னும் மற்றோர் இதழின் நட்டமும் 1932இல் சேர்ந்துகொண்டது. நாட்டு விடுதலையைப் பேசும் இதழ்களிடம் அரசு பிணைத்தொகை கேட்டது வேறு. கடன்காரரும் அச்சுத் தொழிலாளரும் வாயிலில் நிற்க, அவர் உள்ளே அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

தரையில் அமர்ந்து எழுதுவதே அவருக்குப் பழக்கம். தனியறையோ அமைதியோ வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குழந்தைகள் அருகில் விளையாடுவர். பார்க்க வந்தவர்களோடு பேசுவார், வாய்விட்டுச் சிரிப்பார். அவர்கள் சென்றதும் விட்ட வரியிலிருந்து தொடர்வார். கதையின் கட்டமைப்பையும் மாந்தர் இயல்பையும் முன்னதாகவே குறித்து வைத்துக்கொள்வார். அக்குறிப்புகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார் என்பது சிலருக்கு வியப்பளிக்கும். கருத்தைத் திட்டமிடுவது ஒரு வேலை, அதற்குச் சொல் தேடுவது மற்றொரு வேலை. இரண்டையும் ஒருங்கே செய்து குழம்பாதிருக்க இம்முறை அவருக்கு உதவியிருக்க வேண்டும். மனித மனத்தின் ஓர் உண்மை தம்முள் தெளிவாகும்வரை அவர் கதையைத் தொடங்குவதில்லை. ஆனால் தெளிவு பிறக்கட்டும் என்று எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பதும் இல்லை. அவ்வேளையில் கட்டுரையோ தலையங்கமோ மொழிபெயர்ப்போ நடந்துகொண்டிருக்கும். தம்மை எழுதுகோல் ஏந்திய கூலித்தொழிலாளி என்றே அவர் எண்ணினார். உழைக்காத நாளில் உண்பதற்குத் தமக்கு உரிமை இல்லை என்று கருதினார். சிறுகதைகள் மட்டும் ஏறத்தாழ முந்நூறு. புதினங்கள் பன்னிரண்டுக்கும் மேல்.

இத்தனை எழுத்தும் ஒரே தரத்தவை அல்ல. குறித்த நாளுக்குள் முடிக்க எழுதியவை, அறிவுரை மிகுந்து கதை மெலிந்தவை, முடிவில் மாந்தர் திடீரெனத் திருந்திவிடுபவை எனப் பலவும் அவற்றுள் உண்டு. ஆயினும் 1930இல் வெளிவந்த ‘பூஸ் கீ ராத்’ கதையை எடுத்துக்கொள்வோம். ஹல்கு என்னும் ஏழை உழவன், போர்வை வாங்கச் சேர்த்து வைத்த மூன்று ரூபாயைக் கடனுக்குக் கொடுத்துவிடுகிறான். மார்கழி கழிந்த கடுங்குளிரில், ஜப்ரா என்னும் நாயை அணைத்தபடி வயலைக் காக்கிறான். காட்டு விலங்குகள் வந்து பயிரை மேயும் ஓசை கேட்கிறது. நாய் குரைத்து ஓடுகிறது. அவனால் அனலை விட்டு எழ முடியவில்லை. காலையில் பயிர் அழிந்து கிடக்கிறது. இனி இக்குளிரில் இங்கே படுக்க வேண்டாம் என்று அவன் மகிழ்கிறான். எவரும் திருந்தவில்லை, எவரும் அறிவுரை கூறவில்லை. குருதித்துளியைத் தேடி உலகைச் சுற்றிய காதலனுக்கும் சாம்பலருகே சுருண்டு கிடக்கும் இந்த உழவனுக்கும் இடையே உள்ள தொலைவு இருபத்திரண்டு ஆண்டுகள்.

பம்பாயும் சென்னையும்

கடன் சுமை தாங்காமல், 1934இல் பம்பாயிலிருந்த திரைப்பட நிறுவனம் ஒன்றுக்குக் கதை எழுதச் சென்றார். ஆலைத் தொழிலாளரைப் பற்றிய அவருடைய ‘மஜ்தூர்’ படம் தணிக்கையில் சிக்கித் தவித்தது. அவ்வுலகம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓராண்டு நிறையுமுன் காசிக்குத் திரும்பினார். ஆயினும் அங்கேயும் தம் பெரும்புதினமான ‘கோதான்’ எழுதுவதை அவர் விடவில்லை.

பம்பாயில் இருந்தபோது, 1934 டிசம்பரில் அவர் சென்னைக்கு வந்தார். தென்னிந்திய இந்திப் பிரசார சபையின் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றினார். இந்தியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் பயின்று தேர்ந்ததைக் கண்டு மகிழ்ந்தார். நடுவயதில் மற்றொரு மொழியில் எழுதப் பழகியவருக்கு அவர்களுடைய உழைப்பின் அருமை நன்கு புரிந்திருக்கும். அவர் மறைந்த பின், 1938இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் ‘சேவாசதனம்’ தமிழ்த் திரைப்படமாக வெளிவந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி திரையில் அறிமுகமானது அப்படத்தில்தான்.

இறுதித் திங்கள்கள்

1936இல் ‘கோதான்’ நூலாக வெளிவந்தது. ஒரு பசுவைச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்பிய ஹோரி என்னும் உழவன், கடனில் மூழ்கிச் சாலையில் கூலிவேலை செய்து மடியும் கதை அது. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக எழுதப்பட்ட அந்நூல் கைக்கு வந்த சில நாள்களில் பிரேம்சந்த் படுக்கையில் விழுந்தார். ஜூன் 18ஆம் நாள் ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி மறைந்தார். காசியில் நடக்கவிருந்த இரங்கற்கூட்டத்துக்காக, உறக்கம் வராத நள்ளிரவில் எழுந்து அமர்ந்து உரை எழுதினார். உடல்நலம் கருதி மனைவியார் தடுத்தும் கேளவில்லை. கூட்டத்துக்குச் சென்றவரால் நின்று படிக்க இயலவில்லை. வேறொருவர் அவ்வுரையைப் படித்தார்.

அந்நாள்களில் ‘ஹன்ஸ்’ இதழ் ஓர் இலக்கிய அமைப்பின் பொறுப்பில் இருந்தது. அரசு மீண்டும் பிணைத்தொகை கேட்டபோது அவ்வமைப்பு இதழை நிறுத்திவிட முடிவு செய்தது. படுக்கையிலிருந்தபடியே பிரேம்சந்த் அம்முடிவை ஏற்க மறுத்தார். பணத்துக்கு ஏற்பாடு செய்து இதழைத் தம் பொறுப்பில் திரும்பப் பெற்றார். ‘மங்கல்சூத்ர’ என்னும் புதினத்தையும் அந்நிலையிலேயே எழுதிவந்தார். அதன் தலைமை மாந்தர், வாழ்நாளெல்லாம் எழுதியும் செல்வம் சேர்க்காத ஓர் எழுத்தாளர். நான்கு இயல்கள் ஆயின. ஐந்தாம் இயல் எழுதப்படவில்லை. 1936 அக்டோபர் 8ஆம் நாள் பிரேம்சந்த் காலமானார். அவருக்கு வயது ஐம்பத்து ஆறு.

அவர் எவ்வேளையில் எழுதினார், எந்நிலையில் அமர்ந்தார், எதற்குச் சிரித்தார் என்பனவற்றுள் பலவற்றை நாம் அறிவது சிவராணி தேவியின் நூலால். திருமணமானபோது எழுத்துத் துறையை அறியாதிருந்த அவ்வம்மையார், கணவர் எழுதுவதை நாள்தோறும் கண்டு தாமும் கதை எழுத முற்பட்டார். எழுதியவை நிறைவு தராமையால் அவற்றைக் கிழித்தெறிந்தார், மீண்டும் எழுதினார். 1924இல் அவருடைய முதற்கதை ‘சாந்த்’ இதழில் வெளிவந்தது. கணவர் மறைந்த எட்டாண்டுகளுக்குப் பின், 1944இல், ‘பிரேம்சந்த் கர் மேன்’ என்னும் நூலை வெளியிட்டார். இல்லத்தில் பிரேம்சந்த் என்பது அதன் பொருள்.